குத்பாவில் யார் பெயர் என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மொகரத்தை ஒட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த ஷியா – சன்னி கட்டுரையைப் படித்தோம். கி.பி. 680இல் நபியின் பேரன் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலாவில் மூண்ட பகை அப்படியே இன்றுவரை தொடர்வதாகக் கட்டுரையாளர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சித்தூர் எல்லைப் பகுதியில் இருந்துகொண்டு இதை ஒப்புக்கொள்வது கடினம். எங்கள் பக்கத்துச் சந்திரகிரியும், உங்கள் சென்னைக்கு அடுத்த பூந்தமல்லியும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கோல்கொண்டாவின் ஷியா சுல்தானுக்கு வரி கட்டிய ஊர்கள். 1687இல் அந்த அரசு வீழ்ந்தது. அதற்குப் பின் 1948 வரை தக்காணத்து ஷியாக்கள் சன்னி ஆட்சியாளர்களின் கீழ்தான் இருந்தார்கள். அந்த இரண்டரை நூற்றாண்டில் அவர்கள் நிலை ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. பகை ஒன்றுதான் காரணம் என்றால் இந்த ஏற்ற இறக்கத்துக்கு விளக்கமே கிடைக்காது. வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையான குத்பாவில் யார் பெயர் சொல்லப்பட்டது, காசில் என்ன அச்சானது, தலைமை அமைச்சரான திவானின் முத்திரை யார் கையில் இருந்தது, மானிய நிலம் யார் பேரில் பதிவானது என்று தேடினால் விளக்கம் கிடைக்கும்.

முதலில் குத்பா. தொழுகைக்கு முன் நிகழ்த்தும் அந்த உரையில் ஆட்சியாளர் பெயரைச் சொல்லிப் பிரார்த்திப்பது பழைய மரபு. பத்திரிகையும் வானொலியும் இல்லாத காலத்தில் ஊருக்கு ஆட்சி மாறிய சேதியைச் சொன்னதே இதுதான். ஈரானின் ஹமதானிலிருந்து வந்து பாமினி அரசில் சேவகம் பார்த்து, தெலங்கானா ஆளுநராக உயர்ந்த சுல்தான் குலி 1518 வாக்கில் கோல்கொண்டாவில் தனித்து ஆளத் தொடங்கினார். குத்பாவில் ஷியாக்கள் வழிகாட்டிகளாக ஏற்கும் பன்னிரண்டு இமாம்களின் பெயர்களைச் சேர்த்தார். ஈரானில் ஷா இஸ்மாயில் 1501இல் ஷியா நெறியை அரசு நெறியாக அறிவித்திருந்தார். கோல்கொண்டா குத்பாவில் அந்த ஷாவின் பெயருக்கும் இடம் இருந்தது. குடிகளில் பெரும்பாலோர் தெலுங்கு பேசும் இந்துக்கள். முஸ்லிம்களிலும் சன்னிகள் ஏராளம். அரசரும் ஈரானியப் பிரபுக்களும் மட்டுமே ஷியா என்ற நிலையில், டெல்லிக்கு நாங்கள் கட்டுப்பட்டவர்கள் இல்லை என்று சொல்ல அவர்களுக்குக் கிடைத்த வழி அந்தக் குத்பா.

அதனால்தான் ஷாஜஹான் 1636இல் தௌலதாபாத் வரை படையோடு வந்து இறங்கியபோது, நிலத்தைக் கேட்பதற்கு முன் குத்பாவைக் கேட்டார். அப்துல்லா குதுப் ஷா எழுதிக் கொடுத்த பணிவுப் பத்திரத்தின் முக்கிய ஷரத்துகள் இவை: குத்பாவில் பன்னிரண்டு இமாம்களின் பெயர்களுக்குப் பதில் சன்னிகள் போற்றும் முதல் நான்கு கலீபாக்களின் பெயர்கள் வரவேண்டும், ஈரான் ஷாவின் பெயரை நீக்கி முகலாயப் பாதுஷாவின் பெயரைச் சொல்லவேண்டும், காசும் டெல்லி சொல்லும் வாசகத்தோடு அச்சாகவேண்டும், ஆண்டுக்கு 2 லட்சம் வராகன் கப்பம். மொகரத் துக்கக் கூடங்களான ஆஷூர்கானாக்களை மூடவேண்டும் என்ற ஷரத்து அதில் இல்லை. அரசர் ஷியாவாகவே இருந்தார், மொகரம் நடந்தது, மர்சியா என்ற இரங்கற்பா பாடப்பட்டது. போனது இறையாண்மை. தக்காண ஷியாக்கள் சன்னி அதிகாரத்தின் கீழ் வந்தது 1687இல் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். எங்கள் கணக்கில் அது 51 ஆண்டு முந்தியே நடந்துவிட்டது.

இந்த ஒப்பந்தத்தால் எங்கள் பக்கத்துக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். வடக்கே முகலாய எல்லை உறுதியாகிவிட்டதால் கோல்கொண்டா தெற்கே திரும்பியது. கோல்கொண்டாவின் தளபதி மீர் ஜும்லா 1640களில் கிருஷ்ணைக்குத் தெற்கே இறங்கி, விஜயநகரத்தின் கடைசி அரசர்களிடம் எஞ்சியிருந்த கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். கண்டிக்கோட்டை 1650இல் விழுந்தது. சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்களும் கோல்கொண்டாவுக்கு வாடகை கட்டும் நிலைக்கு வந்தார்கள். 1672இல் அந்தத் தொகை ஆண்டுக்கு 1,200 வராகன் என்று முடிவானது. கோல்கொண்டா வீழ்ந்த பிறகு அதே 1,200 வராகனை முகலாயருக்குக் கட்டினார்கள். ஷியாவா சன்னியா என்று கம்பெனிக் கணக்குப்பிள்ளை பார்த்ததாகத் தெரியவில்லை.

1687 முற்றுகையைக் கட்டுரை மதப்போர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. கோல்கொண்டாவின் கடைசி அரசர் அபுல் ஹசன் தானாஷா மீது அவுரங்கசீப் சுமத்திய குற்றங்களில், மாதன்னா, அக்கன்னா என்ற பிராமணச் சகோதரர்களிடம் நிர்வாகத்தைக் கொடுத்ததும், மராட்டிய சம்பாஜிக்குப் பணம் அனுப்பியதும் முன்னால் நிற்கின்றன. அந்தச் சகோதரர்கள் 1686இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இன்னொரு பக்கம், முகலாயப் பேரரசின் வஜீர் அசத் கான் ஈரானிய வம்சத்து ஷியா. கோல்கொண்டாவின் படைத்தலைவர் மீர் முகமது இப்ராகிம் 1685இலேயே முகலாயர் பக்கம் தாவியிருந்தார். எட்டு மாத முற்றுகைக்குப் பின் காசு கொடுத்துக் கோட்டைக் கதவைத் திறக்கவைக்கும் பேச்சை நடத்திய ருஹுல்லா கானும் ஈரானியப் பிரிவைச் சேர்ந்தவர்தான். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்பது இதைவிட சுவாரசியம். முஸ்லிம் அரசர்கள் மேல் படையெடுப்பது சரியாகாது என்று சொல்லிப் பதவியை விட்டுப் போன ஷேக்-உல்-இஸ்லாம், சன்னிப் பேரரசின் தலைமைக் காஜி. ஆகவே அதிகாரிகளின் பிரிவைப் பார்த்து அரசின் கொள்கையை எடைபோட்டால் கணக்கு பிசகும்.

கொள்கை எங்கே தெரிகிறது என்றால் நாணயச்சாலையில். பிடித்த கையோடு ஹைதராபாத் நாணயச்சாலைக்கு ‘தாருல் ஜிஹாத்’ (புனிதப் போரின் இல்லம்) என்ற அடைமொழி சூட்டப்பட்டது. அவுரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாயில் அதை இன்றும் படிக்கலாம். பின்னாளில் அது ‘பர்குந்தா புனியாத்’ என்று மாறியது. முதல் பெயரில் வென்றவனின் அறிக்கை இருக்கிறது. இரண்டாவது, மங்கல அடித்தளம் கொண்ட நகரம் என்று ஊரையே வாழ்த்துகிறது. அதே காசில் இன்னொன்றும் தெரியும்: ஹைதராபாத்தின் சன்னி அரசர்களான நிஜாம்கள் 1724இலிருந்து தனித்து ஆண்டாலும் 1857 வரை காசில் டெல்லிப் பாதுஷாவின் பெயரைத்தான் அச்சடித்தார்கள். இறையாண்மைச் சடங்கில் நிஜாமே அடங்கிப்போன ஊரில் ஷியாக்களுக்குத் தனியாகக் குத்பா கேட்க வேண்டிய தேவை எழவில்லை. சண்டைக்கான இடம் குறைந்தது.

அந்த ஊரில் ஷியாக்கள் பிடித்தது திவான் பதவியை. ஈரானின் ஷுஸ்தரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை மீர் ஆலம் 1804 முதல் 1808 வரை திவான். அவருடைய மருமகன் முனீர்-உல்-முல்க், பேரன் சிராஜ்-உல்-முல்க், பிறகு 1853 முதல் 1883 வரை முப்பது ஆண்டுகள் முதலாம் சாலார் ஜங், அவர் மகன் 1884 முதல் 1887 வரை, பேரன் மூன்றாம் சாலார் ஜங் 1912 முதல் 1914 வரை. நூற்றுப்பத்து ஆண்டில் திரும்பத் திரும்ப ஒரே ஷியா குடும்பம். சன்னி அரசர் ஏன் இப்படிச் செய்தார்? பெருந்தன்மை என்று எழுதுவது சுலபம். நிஜாமுக்கு உள்ளிருந்து வரக்கூடிய ஆபத்து பைகா பிரபுக்களிடம் இருந்தது. அவர்கள் சன்னிகள், தனிப்படை வைத்திருந்தவர்கள், நிஜாம் வீட்டுப் பெண்களை மணந்தவர்கள். சிம்மாசனத்துக்கு உரிமை கோரக்கூடிய உறவு அது. ஷியா திவானுக்கு அப்படிப்பட்ட உறவும் கிடையாது, ஊர்ப் பெரும்பான்மையின் ஆதரவும் கிடையாது. நிஜாமின் தயவும் ஆங்கில அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டின் தயவும் போனால் அவர் நிற்க வேறு இடமில்லை. நம்பக்கூடிய ஆளாக அவரை ஆக்கியதே இந்தப் பலவீனம்தான்.

முதலாம் சாலார் ஜங் ஆள் எடுத்த விதத்தையும் கவனியுங்கள். 1874இல் அவர் வருவாய்த் துறைக்கு அழைத்துவந்த மெஹ்தி அலி கான், பின்னாளில் மொஹ்சின்-உல்-முல்க் என்று பெயர் பெற்றவர், ஷியா குடும்பத்தில் பிறந்து சன்னியாக மாறி, ஷியா கொள்கையை மறுத்து நூலும் எழுதியவர். பழைய பகை அப்படியே இரத்தத்தில் ஓடியிருந்தால் இந்த நியமனம் நடந்திருக்காது. அதே திவான் இன்னொரு பக்கம் பில்கிராமி ஷியா குடும்பத்து சையத் ஹுசைனையும் உயர்த்தினார். நில அளவையும் வரித் தீர்வையும் தெரிந்த ஆள் அவருக்குத் தேவைப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் ஓட்டை, எல்லாம் ஒரு வீட்டோடு முடிந்துவிடுவது. 1914இல் ஏழாம் நிஜாம் மூன்றாம் சாலார் ஜங்கை விலக்கி நிர்வாகத்தைத் தானே எடுத்துக்கொண்டார். 1919இல் நிர்வாகக் குழு அமைத்தார். அவருடைய தாய் ஷியா. தாயின் நினைவாக மூசி நதிக்கரையில் அசாகானா-இ-ஜஹ்ரா என்ற துக்கக் கூடத்தைக் கட்டியவரும் அவரே. அவருடைய மனச்சாய்வு எப்படி இருந்தாலும் ஷியாக்களின் கையிலிருந்து திவான் முத்திரை போனது போனதுதான். 1949இல் இரண்டு அடிகள் சேர்ந்து வந்தன. மார்ச்சில் மூன்றாம் சாலார் ஜங் வாரிசின்றி இறந்தார். ஆகஸ்டில், பிரபுக்களின் வருவாய் மானியங்களான ஜாகீர்களை ஒழிக்கும் ஆணை வந்தது. ஆஷூர்கானாக்களில் விளக்கு எரிக்கும் எண்ணெய்க்கும், நேர்ச்சையாக வழங்கும் நியாஜ் சோற்றுக்கும், அலம் என்ற சின்னங்களின் ஊர்வலத்துக்கும் ஜாகீர் வருமானம்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றபின் மிஞ்சியது வக்பு என்ற அறக்கொடை நிலம். சாலார் ஜங் வீட்டின் பெட்டகங்களை 1951 டிசம்பரில் நேரு அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். அங்கே போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அந்த வீடு ஒரு சிறுபான்மையின் அரசியல் அலுவலகமாக இருந்ததைச் சொல்ல அங்கே யாராவது இருந்தால் நல்லது.

எங்கள் பகுதியிலிருந்தும் கடப்பை, ராயச்சோட்டியிலிருந்தும் தம்மாமுக்கும் ஜுபைலுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. அதனால் சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அல் அஹ்ஸாவையும் கத்தீஃபையும் 1913இல் இப்னு சவூத் உஸ்மானியரிடமிருந்து எடுத்துக்கொண்டார். ஷியா பிரமுகர்கள் பெரிதாக எதிர்க்கவில்லை. உயிர், உடைமை, வழிபாடு பாதுகாக்கப்படும் என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு பணிந்தார்கள். 1927இல் நஜ்துப் பகுதியின் சன்னி மத அறிஞர்களான உலமாக்கள், ஷியாக்கள் தங்கள் வெளிப்படையான சடங்குகளை விட வேண்டும் என்று தீர்ப்பெழுதினார்கள். நடைமுறையில் அது முழுதாக நிறைவேறவில்லை, ஆனால் தலைக்குமேல் தொங்கிக்கொண்டே இருந்தது. ஹைதராபாத்தில் இருந்த திவான் வழி அங்கே கிடையவே கிடையாது. படைக்கும் நீதித்துறைக்கும் உயர்பதவிக்கும் கதவு அடைப்பு. 1938இல் தம்மாம் 7ஆம் எண் கிணற்றில் எண்ணெய் வந்தபோது கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. ஷியா ஊர்கள் அருகிலேயே இருந்தன. ஆகவே அவர்கள் அரசியல் அரண்மனையில் இல்லாமல் அராம்கோ எண்ணெய்க் கம்பெனியின் தொழிற்கூடத்தில் பிறந்தது. 1953இலும் 1956இலும் வேலைநிறுத்தம். அவற்றில் சன்னித் தொழிலாளர்களும் சேர்ந்தே நின்றார்கள், கோரிக்கை கூலியும் வீடும்.

1979 நவம்பரில், ஹிஜ்ரி 1400 மொகரத்தில், கத்தீஃப் பகுதியில் தடையை மீறி ஊர்வலம் புறப்பட்டது. தேசியக் காவல்படை சுட்டது. இருபது பேரளவில் இறந்தார்கள். அதே மொகரம் முதல் நாள் மக்காவில் பெரிய பள்ளிவாசலைக் கைப்பற்றியவர்கள் சன்னிகள் என்பதைப் பலர் கலந்துகட்டி எழுதுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. அதன்பின் வெளிநாட்டுக்குத் தப்பிய ஷியா மதகுரு ஹசன் அல் சஃபாரின் குழு 1993இல் மன்னர் பஹ்தோடு உடன்பாட்டுக்கு வந்தது: அவர்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகளை நிறுத்துவது, அரசு கைதிகளை விடுவிப்பது, கடவுச்சீட்டுகளைத் திருப்பித் தருவது. எழுதிக் கையெழுத்திட்ட உரிமை எதுவும் அதில் இல்லை. 2005 உள்ளாட்சித் தேர்தலில் கத்தீஃபில் ஷியா வேட்பாளர்கள் வென்றார்கள். பாதி இடங்களுக்கு மட்டும் தேர்தல், மன்றத்துக்கு அதிகாரமோ சாக்கடையும் சாலையும். 2016 ஜனவரி 2இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 47 பேரில் ஷியா மதகுரு ஷேக் நிம்ர் அல் நிம்ரும் ஒருவர். ஷியா சட்டப்படி நடக்கும் ஜாஃபரி நீதிமன்றம் என்று கத்தீஃபிலும் அல் அஹ்ஸாவிலும் இருப்பது திருமணம், வாரிசு, வக்பு வழக்குகளோடு நின்றுவிடும். வாய்மொழி உறுதிகளை நம்பியே ஒரு நூற்றாண்டு ஓடிவிட்டதுதான் அங்கே நடந்த கோளாறு.

இனி எங்கள் ஊர் விஷயம். கட்டுரையில் “ஆந்திர கிராமங்களில் ஷியாக்கள் பீர் பண்டிகை கொண்டாடுகிறார்கள்” என்று ஒரு வரி வருகிறது. பீர் பண்டிகை என்பது கிராமத்து மொகரம். பெரும்பாலான ஊர்களில் ஒரு ஷியா குடும்பம்கூடக் கிடையாது. பஞ்சா என்ற கை வடிவச் சின்னத்தை எடுப்பவர்கள் சன்னிகள், பஞ்சு அடிக்கும் முஸ்லிம் சமூகமான தூதேகுலத்தார், இந்துக்கள். குழி வெட்டித் தீ வளர்ப்பதற்கு விறகு போடுகிறவர் ஊர் ரெட்டியாராகவோ நாயுடுவாகவோ இருப்பார். கோல்கொண்டா காலத்து வழக்கம், அரசு போன பிறகும் ஊர்ச்சாவடியில் தங்கிவிட்டது. ஆகவே பீர் சாவடியை எண்ணி ஷியா மக்கள்தொகையைக் கணக்கிடக் கூடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் முஸ்லிம் என்ற ஒரே தலைப்பில்தான் எண்ணிக்கையை வெளியிடுகிறது.

சாவடி நிலத்தின் வரலாறு வேண்டுமென்றால் வரிச்சலுகை மானியங்களை எழுதிய இனாம் பதிவேட்டிலிருந்து தொடங்கவேண்டும். சென்னை மாகாண இனாம் கமிஷன் 1858இல் அமைந்தது. 1860களில் எழுதிய அந்தப் பேரேட்டில் மானியம் கொடுத்தவர் யார், எந்த ஆண்டு, எதற்காக, அப்போது அனுபவித்தவர் யார், டி.டி. எண் (உரிமைப் பத்திர எண்) என்ன என்று தனித்தனிக் கட்டங்கள் உண்டு. தேடும்போது ‘வட ஆற்காடு’ என்ற தலைப்பில் தேடுங்கள். சித்தூர் தனி மாவட்டமானது 1911இல்தான். திருத்தணிப் பக்கத்து ஊர் என்றால் 1960இல் மாநிலமே மாறியிருக்கும். கார்வேட்டிநகர் ஜமீன் ஊர்களில் இன்னொரு சிக்கல்: 1802 நிரந்தரத் தீர்வைக்குப் பிறகு ஜமீன்தார் கொடுத்த மானியம் அந்தப் பேரேட்டில் ஏறியிருக்காது, அதைப் பார்த்துவிட்டு மானியமே பொய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ஆண்டில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். சன்னது என்ற பழைய மானியப் பத்திரங்களில் வரும் நான்கிலக்க எண் ஹிஜ்ரியா, வருவாய்த் துறை ஆண்டான பசலியா என்று முதலில் பார்க்கவேண்டும். பசலி என்றால் 590ஐக் கூட்டினால் போதும். ஹிஜ்ரி சந்திர ஆண்டு, 354 அல்லது 355 நாள், எண்ணை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஓராண்டு வித்தியாசத்துக்குள் கிடைக்கும். 1098 என்று இருந்தால் ஹிஜ்ரிப்படி 1687, கோல்கொண்டா விழுந்த ஆண்டு. 1218 என்று இருந்தால் ஹிஜ்ரிப்படி 1803, இரண்டாம் நிஜாம் இறந்த ஆண்டு. பசலிப்படி 1808, மீர் ஆலம் இறந்த ஆண்டு. ஒரே எண் சன்னி அரசரின் கொடையாகவும் ஷியா திவானின் கொடையாகவும் படிக்கப்படும். நிலம் எந்தப் பிரிவின் வக்பு என்ற வழக்கில் இந்த ஐந்து ஆண்டு இடைவெளி முக்கியமாகிவிடும்.

அந்த வழக்கு கற்பனை இல்லை. 1995 வக்பு சட்டம் ஷியா வக்புகளையும் சன்னி வக்புகளையும் அளவையில் தனித்தனியாகக் காட்டச் சொன்னது. ஒரு மாநிலத்தின் வக்புகளில் எண்ணிக்கையிலோ வருமானத்திலோ ஷியா பங்கு 15 சதவீதத்தைத் தாண்டினால் தனி வாரியம் அமைக்கலாம். உத்தரப் பிரதேசத்திலும் பிகாரிலும் அப்படி இருக்கிறது. தாண்டாத மாநிலங்களில் ஒரே வாரியம். அளவைக்கு வருகிறவர் சாவடியைப் பராமரிக்கும் முஜாவரிடம் கேட்டு அவர் சன்னி என்றால் ‘சன்னி’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவது நடக்கக்கூடியது. மூலச் சன்னதில் பன்னிரண்டு இமாம்கள் பெயரால் என்று இருந்தாலும் அரசிதழில் ஏறியது ஏறியதுதான். திருத்த வேண்டுமென்றால் வக்பு தீர்ப்பாயத்தில் வழக்குப் போடவேண்டும். பட்டியல் வெளியான நாளிலிருந்து காலவரம்பு ஓடும். 1956 இனாம் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் பட்டா தனிநபர் பேரில் ஏற்கெனவே போயிருந்தால் அது வேறு வழக்கு, அதற்கு டி.டி. எண்ணோடு பேரேட்டு நகலையும் முதலிலேயே வாங்கி வைத்திருப்பது நல்லது.

இப்படிக்கு,
வட்டார வரலாற்றில் ஈடுபாடுள்ள வாசகர்கள் சிலர்,
நகரி, சித்தூர் மாவட்டம்.